நாளை ‘ஏற்கனவே’ இருக்கிறதா? அக்கா மகள் கேட்ட கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

போன ஞாயிறு மதியம் சாப்பிட வந்தவள், இலையில் ரசம் ஊற்றும்போது கேட்டாய்: “மாமா, நாளைக்கு நடக்கப்போறதெல்லாம் ஏற்கனவே இருக்குன்னு ஐன்ஸ்டீன் நிரூபிச்சுட்டாராமே? ‘இப்போ’ங்கறதே பொய்யாமே? அப்படின்னா நான் எதுக்கு அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்திருக்கணும்?” யாரோ அனுப்பிய பத்து நிமிட வீடியோவின் வேலை என்று தெரிந்தது. “மோர் ஊத்திக்கோ, அப்புறம் பேசலாம்” என்றேன். நீ அல்சூரில் மெட்ரோ பிடித்து ஒயிட்ஃபீல்டு போய்ச் சேர்ந்துவிட்டாய், பேச்சு அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவனிடம் இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனால் தூக்கம் வருமா? அதனால் எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: இல்லை, அவர் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. அவருடைய சார்பியல் கோட்பாடு நம்மிடமிருந்து ஒன்றைப் பறித்தது உண்மை. பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஓர் ‘இப்போது’ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் அது. ஆனால் அங்கிருந்து ‘நாளை ஏற்கனவே இருக்கிறது’ என்ற இடத்துக்குப் போக ஒரு தாவல் தேவைப்படுகிறது. அந்தத் தாவல் இயற்பியல் அல்ல, தத்துவம். அதுவும் ‘ஏற்கனவே’ என்ற சொல் டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறியதால் நடந்த தாவல்.

முதலில் கடிகாரம். இதில் தத்துவமே கிடையாது, அளந்து பார்த்த சங்கதி.

நீ சென்னையை விட்டு இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுச் சார்பியலின்படி, ஈர்ப்பின் பள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகக் கடிகாரம் ஓடும். கணக்கு எளிது: புவியீர்ப்பு முடுக்கத்தை உயரத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு வரும். ஒரு வருஷத்தில் அது சுமார் 3 மைக்ரோசெகண்ட். ஆக, இந்த இரண்டு வருஷத்தில் மயிலாப்பூரில் இருக்கும் உன் அம்மாவுக்கும் உனக்கும் இடையிலான வயது வித்தியாசம் 6 மைக்ரோசெகண்ட் குறைந்திருக்கிறது. சிரிக்காதே. 2010-ல் அமெரிக்காவில் இரண்டு அணுக்கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து இந்த வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். நம் வீட்டுப் படியில் இரண்டு படி உயரம்தான். உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையனின் போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. அந்தச் செயற்கைக்கோள்களின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோசெகண்ட் முந்தும், அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் இடம் தவறும்.

உன் தாத்தா கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். கோலார் தங்கவயலில் முப்பது வருஷம், ஷிப்டுக்கு எட்டு மணி நேரம், சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில். வருஷத்துக்கு 300 நாள் வைத்துக்கொண்டால், மேலே வீட்டில் இருந்த பாட்டியைவிட அவருக்கு 56 மைக்ரோசெகண்ட் குறைவாக ஓடியிருக்கிறது. அதைப் பெருமையாகப் பாட்டியிடம் சொன்னபோது, “ராத்திரி ஷிப்டு பாத்ததுக்கு இதுதான் போனஸா?” என்று கேட்டார்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் வரும் கேள்வி: “சரி, யார் கடிகாரம் சரியானது?” கேள்வியே தப்பு. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் வர இரண்டு வழி. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஒன்று. சித்தூர், முல்பாகல், கோலார் என்று இன்னொன்று. இரண்டு கார் கிளம்பி இரண்டு வழியாக வந்து நம் வீட்டு வாசலில் நின்றால், மீட்டரில் வேறு வேறு கிலோமீட்டர் காட்டும். எந்த மீட்டர் பொய் சொல்கிறது என்று யாராவது கேட்பார்களா? அது அது ஓடிய பாதையின் நீளத்தை அது அது காட்டுகிறது. 1908-ல் கொலோன் நகரில் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி பேசிய பேச்சின் சாரம் இதுதான். இனி வெளி தனி, காலம் தனி என்று கிடையாது. இரண்டும் சேர்ந்த காலவெளி ஒன்றுதான், அதில் ஒவ்வொருவரும் ஒரு கோடு. உன் கடிகாரம் உன் கோட்டின் நீளத்தை அளக்கிறது. ஒரே ஒரு விசித்திரம்: சாலையில் நேர்வழிதான் குறைந்த தூரம். காலவெளியிலோ வளையாமல் நேராகப் போகிறவருக்குத்தான் அதிக நேரம் கழிகிறது. இரட்டையரில் ராக்கெட்டில் போய்த் திரும்பி வருபவர் வீட்டிலிருந்தவரைவிட இளமையாக இருப்பது அதனால்தான். அதை முரண்பாடு என்று பெயர் வைத்துப் பயமுறுத்துகிறார்கள், அதில் முரண் எதுவும் கிடையாது.

இங்கே நம் ஊர்க்கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வானத்தில் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது மியூவான் என்ற துகள் பிறக்கிறது. அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெகண்ட். ஒளிவேகத்திலேயே வந்தாலும் அந்த ஆயுளில் 660 மீட்டர்தான் தாண்டலாம், அதற்குள் செத்துப்போக வேண்டும். ஆனால் தரைக்கு வந்து சேர்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உன் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. வேகமாக ஓடுவதால் நம் கணக்கில் அதன் ஆயுள் நீள்கிறது. அதுவாகவே சிதையும் துகள் ஒரு கடிகாரம் மாதிரி, ஆகவே ஓடும்போது அதன் சிதைவு தாமதப்பட வேண்டும் என்று 1938-ல் எழுதியவர் ஹோமி பாபா. அப்போது அவர் கேம்பிரிட்ஜில் இருந்தார். அடுத்த வருஷம் விடுமுறைக்கு ஊர் வந்தவர் போர் மூண்டதால் திரும்பிப் போகாமல், இதோ மல்லேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் துறையில் சேர்ந்தார். பிறகு அவர் தொடங்கிய டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள்தான் மியூவான் எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது என்று பார்க்கத் தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளைக் கொண்டுபோனார்கள். 1965-ல் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தையும் பிடித்தார்கள். ‘பம்பாய்க்காரங்க பெட்டி’ என்று தாத்தா சொல்வார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், “வானத்துல இருந்து எதுவோ விழுதாம், அதை இங்க வந்து தேடறாங்க” என்பார். நான் இயற்பியல் படிக்கப் போனதற்கு அந்தப் பெட்டி ஒரு காரணம்.

சரி, இதுவரை வந்ததில் ‘இப்போது’க்கு எந்த ஆபத்தும் இல்லை. கடிகாரங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடலாம், அப்படி ஓடினாலும் அவற்றின் பின்னால் ஒரு பொது ‘இப்போது’ இருக்கலாமே என்று தோன்றும். அதை உடைப்பது வேறொன்று.

அல்சூர் மெட்ரோ நிலையத்தின் மேல்தளத்தில் பிளாட்பாரத்தின் நடுவில் நான் நிற்கிறேன். நிற்காமல் போகும் ஒரு வண்டியின் சரியான நடுவில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நாம் நேருக்கு நேர் வரும் அந்தக் கணத்தில் வண்டியின் முன்முனையிலும் பின்முனையிலும் மின்னல் விழுந்து வண்டியிலும் பக்கத்துத் தூண்களிலும் கரிக்கோடு போடுகிறது. இரண்டு வெளிச்சமும் என்னிடம் ஒன்றாக வந்து சேர்கின்றன. இரண்டு கோடும் எனக்குச் சமதூரம். ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன என்பேன். நீயோ முன்பக்க வெளிச்சத்தை எதிர்கொண்டு போகிறாய், அது உன்னிடம் முதலில் வந்துவிடும். வண்டியில் பட்ட இரண்டு தழும்பும் உனக்கும் சமதூரம்தான். உனக்கும் ஒளியின் வேகம் அதேதான், அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆகவே முன்பக்கம் முதலில் விழுந்தது என்று நீ சொல்வாய். உன் பேச்சிலும் பிழையில்லை, என் பேச்சிலும் பிழையில்லை. கவனி, இது ‘யார் முதலில் பார்த்தார்கள்’ என்ற விவகாரம் அல்ல. வெளிச்சம் வர ஆகும் நேரத்தைக் கழித்த பிறகும் கணக்கு ஒத்துப்போவதில்லை. வீடியோக்களில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

மெட்ரோவில் இந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது. ஆனால் தூரத்தோடு அது வளரும். நம் மொட்டைமாடியில் நீ ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் இருக்கும் திசையில் நட, நான் எதிர்த்திசையில் நடக்கிறேன், இருவரும் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில். அது இருப்பது 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில். நாம் ஒருவரையொருவர் தாண்டும் கணத்தில் ‘அங்கே இப்போது என்ன நடக்கிறது’ என்று கணக்குப் போட்டால், உன் ‘இப்போது’ என் ‘இப்போதை’விட எட்டு நாள் எதிர்காலத்தில் தள்ளி இருக்கும். செருப்பு தேயும் வேகத்தில் நடந்ததற்கு எட்டு நாள்!

இதிலிருந்துதான் அந்தத் தாவல். 1966-ல் ரீட்டைக், 1967-ல் தத்துவவாதி ஹிலரி புட்னம், இருவரும் ஏறக்குறைய இப்படி வாதிட்டார்கள்: என் பக்கத்தில் நிற்கும் நீ எனக்கு மெய். உனக்கு ‘இப்போது’ நடக்கும் ஆண்ட்ரோமெடா நிகழ்ச்சி உனக்கு மெய். மெய்யானவருக்கு மெய்யானது எனக்கும் மெய். ஆனால் அந்த நிகழ்ச்சி என் கணக்கில் வருங்காலம். ஆக வருங்காலமும் மெய். இப்படியே நீட்டினால் எல்லாமே மெய். நேற்று, இன்று, நாளை எல்லாம் உறைந்த ஒரே கட்டி. ஐஸ் பாளம் மாதிரி ஒரு பிரபஞ்சம். பின்னாளில் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் இந்த நடைக்கதையைப் பிரபலமாக்கினார்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது வரியைப் பார். ‘மெய்யானவருக்கு மெய்யானது எனக்கும் மெய்.’ ஏன்? உனக்கு நான் மாமா. உன் அப்பாவின் தங்கை உனக்கு அத்தை. அதனால் அவர் எனக்கும் அத்தை ஆகிவிடுவாரா? முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும், சங்கிலி போட்டு இழுத்தால் வராது. அதற்காக முறை பொய் என்று யாரும் சொல்வதில்லை. அத்தை அத்தைதான், உனக்கு. ‘ஒரே நேரம்’ என்பதும் முறைப்பெயர் மாதிரியான ஒரு சொல் என்று சார்பியல் கண்டுபிடித்தது. முறைப்பெயரை ஆளின் சொந்தப் பெயராக நினைத்துச் சங்கிலி போட்டதுதான் புட்னம் செய்த தவறு. 1968-ல் ஹோவர்ட் ஸ்டெயின் எழுதிய மறுப்பும் ஏறக்குறைய இந்த வழியில் போகிறது. அத்தைக் கதை மட்டும் என்னுடையது.

அப்படியானால் சார்பியல் எதைத்தான் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவைத்தது? ஒளிக்கூம்பை, அதாவது ஒரு நிகழ்ச்சியிலிருந்து ஒளி எட்டக்கூடிய, அதை வந்து எட்டக்கூடிய எல்லையை. மங்கள்யானை வைத்துச் சொன்னால் புரியும். 2014 செப்டம்பர் 24 காலை, பீன்யாவில் இருக்கும் இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்தில் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாயிலிருந்து ரேடியோ அலை வந்துசேர 12 நிமிடத்துக்கு மேல். எஞ்சின் எரிய வேண்டிய நேரம் சுமார் 24 நிமிடம். எஞ்சின் பற்றிக்கொண்டது என்ற செய்தி இங்கே வந்தபோது, அங்கே பாதி வேலை முடிந்துவிட்ட கணக்கு. இங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்தி எதையும் திருத்த முடியாது, அதனால் எல்லா ஆணைகளையும் முன்கூட்டியே கலத்தின் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்கள். இப்போது பீன்யாவில் கைதட்டல் எழுந்த அந்த ஒரு கணத்தை எடுத்துக்கொள். செவ்வாயில் நடப்பவை மூன்று வகை. ஒன்று, அந்தக் கைதட்டலுக்குக் காரணமாக இருக்க முடிந்தவை, அதாவது 12 நிமிடத்துக்கு முன்பே நடந்து செய்தி அனுப்பியவை. யார் எப்படி ஓடிக்கொண்டு கணக்குப் போட்டாலும் இவை இறந்தகாலம். இரண்டு, கைதட்டலின் விளைவாக இருக்க முடிந்தவை, 12 நிமிடத்துக்குப் பின். இவை எல்லோருக்கும் எதிர்காலம். மூன்றாவது, இடைப்பட்ட 24 நிமிடத்துச் சொச்சம். இதில் நடக்கும் எதுவும் கைதட்டலைத் தொடவும் முடியாது, கைதட்டலால் தொடப்படவும் முடியாது. இந்த இடைவெளிக்குள் எந்தக் கணத்தை ‘இப்போது’ என்று அழைக்கலாம் என்பதில்தான் நீயும் நானும் சண்டை போட முடியும். அந்தச் சண்டையால் எதுவும் ஆகப்போவதில்லை.

அதாவது காரணம் முன், விளைவு பின் என்ற வரிசையில் சார்பியல் கை வைக்கவே இல்லை. யாருடைய கணக்கிலும் நீ உன் அம்மாவுக்கு முன் பிறந்தவள் ஆக மாட்டாய். சென்னைக்கும் இங்கேயும் இந்த இடைவெளி 2 மில்லிசெகண்ட்தான், நேர்க்கோட்டில் 290 கிலோமீட்டரை ஒளி ஒரு மில்லிசெகண்டில் தாண்டிவிடும். நாம் வாழும் ஊர்களுக்கு நடுவில் அது கண்ணுக்கே தெரியாத இடுக்கு என்பதால்தான் நம் மூதாதைகள் உலகம் முழுக்க ஒரே ‘இப்போது’ என்று நம்பி நிம்மதியாக வாழ்ந்தார்கள். செவ்வாயில் குடும்பம் நடத்துகிற தலைமுறை வந்தால் அந்தப் பேச்சுவழக்கு மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

இனி அந்த ‘ஏற்கனவே’.

பாளப் பிரபஞ்சத்தை நம்புகிறவர்களிலும் கவனமாகப் பேசுகிறவர்கள் ‘நாளை ஏற்கனவே இருக்கிறது’ என்று சொல்வதில்லை. ‘ஏற்கனவே’ என்றால் இந்தக் கணத்துக்கு முன்பே என்று பொருள். எந்தக் கணம்? பொதுவான கணமே இல்லை என்று இவ்வளவு பாடுபட்டு நிறுவிவிட்டு, கடைசி வரியில் அதையே பின்வாசல் வழியாக உள்ளே விடுகிறோம். அவர்கள் சொல்ல நினைப்பது காலம் ஒட்டாத ஓர் ‘இருத்தல்’. இதைச் சொல்ல ஆங்கிலக்காரர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. அவர்கள் வினைச்சொல்லில் காலம் ஒட்டிக்கொண்டே வரும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பள்ளியில் குறிப்பு வினைமுற்று படித்தாயே, நினைவிருக்கிறதா? காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை. ‘இருக்கிறது’ என்பதில் நிகழ்காலம் உட்கார்ந்திருக்கிறது. ‘உண்டு’ என்பதில் எந்தக் காலமும் தனியாக உட்காரவில்லை. நேற்று உண்டு, இன்று உண்டு, நாளை உண்டு. பாளப் பிரபஞ்சத்துக்காரர் சொல்ல வேண்டியது ‘நாளை உண்டு’ என்பதுதான். ‘நாளை ஏற்கனவே இருக்கிறது’ என்று சொன்னால் தமிழாசிரியரே மதிப்பெண் குறைக்கலாம்.

‘உண்டு’ என்று மாற்றியதும் அந்த வாக்கியத்தின் திகில் பாதி வடிந்துவிடுகிறது, பார்த்தாயா? காசி உண்டு என்பதற்காக நான் காசியில் இருப்பதாக ஆகாது. நாளை உண்டு என்றால் அது நாளையில் உண்டு, அவ்வளவே.

(இதை எழுதும்போதே ஒரு பயம். நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று தொல்காப்பியர் சொன்னதை வைத்துக்கொண்டு, காலவெளியை நாம் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றும். அதில் என் பெயரைச் சேர்த்துவிடாதே. அவர் கவிதைக்கு இலக்கணம் சொன்னார், ஒளியின் வேகத்துக்கு அல்ல.)

அப்புறம் விதி. பாளப் பிரபஞ்சம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உன் அலாரத்துக்கு வேலை போகாது. ‘எல்லாம் தலையெழுத்து’ என்கிறவர் என்ன சொல்கிறார்? நீ எழுந்தாலும் எழாவிட்டாலும் நடப்பது நடக்கும் என்கிறார். பாளப் பிரபஞ்சம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பாளத்தில் நீ எட்டு மணிக்கு மீட்டிங்கில் இருப்பது உண்டு என்றால், ஐந்து மணிக்கு அலாரம் அடிப்பதும், நீ திட்டிக்கொண்டே எழுவதும், மெட்ரோவில் நின்றுகொண்டே போவதும் அதில் உண்டு, ஒன்றோடொன்று காரண காரியமாகக் கோத்து உண்டு. அலாரத்தை எடுத்துவிட்டு மீட்டிங்கை மட்டும் வைத்திருக்கும் பாளம் வேறொரு பாளம். தலையெழுத்தும் பாளமும் ஒன்றுபோலத் தோன்றுவது, இரண்டையும் ஆயாசமாக இருக்கும் நாளில் யோசிப்பதால்தான்.

காலம் ஓடுகிறதா என்ற கேள்விதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆறு ஓடுகிறது என்றால் கரை நிற்கிறது, கரையை வைத்து வேகம் சொல்லலாம். காலம் எந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது? அதன் வேகம் என்ன, மணிக்கு ஒரு மணியா? இந்தக் கிண்டல் பழையது, பதில் சொல்வது சுலபம் அல்ல. சார்பியலுக்கு முன்பே இந்த நச்சரிப்பு உண்டு. மின்கோவ்ஸ்கி கொலோனில் பேசிய அதே 1908-ல், கேம்பிரிட்ஜில் மெக்டாகர்ட் என்பவர் ஒளியையோ கடிகாரத்தையோ பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே காலம் என்று ஒன்று இல்லை என்று வாதிட்டார். 1922 ஏப்ரலில் பாரிஸில் தத்துவவாதி ஹென்றி பெர்க்சனும் ஐன்ஸ்டீனும் இதைப் பற்றி நேருக்கு நேர் பேசினார்கள். கடிகாரம் காட்டுவது வேறு, நாம் உணர்ந்து வாழும் கால ஓட்டம் வேறு என்றார் பெர்க்சன். தத்துவவாதிக்கென்று தனியாக ஒரு காலம் கிடையாது என்றார் ஐன்ஸ்டீன். பெர்க்சன் இரட்டையர் கணக்கில் சொதப்பினார் என்பதால் அவர் கேள்வியும் சொதப்பல் என்று முடிவு கட்டிவிட்டோம். அது கொஞ்சம் அநியாயம்.

உன் வீடியோவில் அந்தக் கடிதத்தையும் காட்டியிருப்பார்கள்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற வேறுபாடு பிடிவாதமான ஒரு மாயைதான் என்று ஐன்ஸ்டீன் எழுதியது. அது எப்போது, யாருக்கு எழுதியது என்று சொன்னார்களா? அவருடைய உயிர் நண்பர் மிக்கேல் பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தார். பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர், 1905-ல் வந்த சார்பியல் கட்டுரையின் முடிவில் பெயர் சொல்லி நன்றி கூறப்பட்ட ஒரே ஆள். அவர் குடும்பத்துக்கு எழுதிய துக்கக் கடிதம் அது. எழுதியவரே அடுத்த மாதம் 18-ஆம் தேதி போய்விட்டார். சாவு வீட்டில் ‘அவர் எங்கே போனார், நம்மோடுதான் இருக்கிறார்’ என்று சொல்வோமே, அதை ஓர் இயற்பியல்காரர் தன் பாஷையில் சொன்ன மாதிரி எனக்குப் படுகிறது. அதைத் தேற்றம் மாதிரி எடுத்துக்காட்டுவது நாகரிகமாகவே இல்லை. அதே ஐன்ஸ்டீன், தத்துவவாதி ருடால்ஃப் கார்னாப்பிடம் வேறு மாதிரி பேசியிருக்கிறார். ‘இப்போது’ என்பது மனிதனுக்கு ஏதோ தனிச்சிறப்பானது, அதை இயற்பியலால் பிடிக்க முடியவில்லை, அது தன்னைத் தீவிரமாக உறுத்துகிறது என்றாராம். கார்னாப் பின்னர் இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்தார். வீடியோக்காரர்களுக்கு இந்த ஐன்ஸ்டீன் பிடிப்பதில்லை.

பிரபஞ்சத்துக்கே வயது 1,380 கோடி ஆண்டு என்கிறார்களே, அது பொது நேரம் இல்லையா என்று நீ கேட்கலாம். நல்ல கேள்வி. நம் பிரபஞ்சத்தில் பொருள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சீராகப் பரவியிருப்பதால் அப்படி ஒரு நேரத்தை வகுத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஆனால் அது விதியில் எழுதிய வசதி அல்ல, வாய்த்த வசதி. 1949-ல் ஐன்ஸ்டீனின் நடைத்தோழர் குர்ட் கோடல், அதே பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குச் சுழலும் பிரபஞ்சம் ஒன்றைத் தீர்வாகக் காட்டினார். அதில் பொது நேரம் வகுக்கவே முடியாது, போதாததற்குச் சுற்றி வந்து தன் இறந்தகாலத்துக்கே போகும் பாதைகளும் உண்டு. நம் பிரபஞ்சம் அப்படிச் சுழலவில்லை. கோடலின் வாதம் அதைவிடக் கூர்மையானது: காலம் ஓடுவதும் ஓடாததும் பொருள் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்ற தற்செயலைப் பொறுத்தது என்றால், அந்த ஓட்டத்தை எப்படி அடிப்படையானது என்று நம்புவது? இதற்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. குவாண்டம் இயற்பியல் இதில் புகுந்தால் இன்னும் சிக்கல், ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்துக் கட்டும் கோட்பாடு முடியாமல் அதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

மாமா என்ன நினைக்கிறார் என்று கேட்டால்: ஓட்டம் என்று ஒன்று இருக்குமானால், அது பிரபஞ்சம் முழுக்க ஒரே முனையாக நகரும் ஓட்டம் அல்ல. ஒவ்வொரு கோட்டின் மேலும் அந்தந்தக் கோட்டுக்கு உரியதாக நடக்கும் ஒன்று. தாத்தாவுக்குச் சுரங்கத்தில் நடந்தது, பாட்டிக்கு மேலே நடந்தது, இருவரும் ஷிப்டு முடிந்து வாசலில் சந்தித்தபோது ஒப்பிட்டுக்கொள்ள முடிந்தது. ‘இப்போது’ என்பது ‘இங்கே’ மாதிரி ஒரு சொல். ‘இங்கே’ என்பதை யாரும் மாயை என்று சொல்வதில்லை, உலகத்துக்கே பொதுவான ‘இங்கே’ ஒன்று வேண்டும் என்று அடம் பிடிப்பதும் இல்லை. இதற்கு மேல் ‘இப்போது’க்கு ஏதோ கூடுதலாக இருக்கிறது என்ற உறுத்தல் மட்டும் எனக்கும் போகவில்லை. பல் வலி ‘உண்டு’ என்பதற்கும் பல் ‘வலிக்கிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த வித்தியாசத்தை எந்தச் சமன்பாட்டில் எழுதுவது என்று தெரிந்தால் கார்னாப்புக்கே சொல்லி அனுப்பியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. போன வாரம் போனில் “இதோ வந்துட்டேன் மாமா” என்றாய். பின்னால் மெட்ரோ அறிவிப்பில் ‘ஹூடி’ என்று கேட்டது. அல்சூர் வர இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று எனக்குத் தெரியாதா? வரப்போவதை இறந்தகாலத்தில் சொல்லும் இந்த வழக்கத்துக்கும் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. விரைவைக் காட்ட எதிர்காலத்தையும் நிகழ்காலத்தையும் இறந்தகாலமாகச் சொல்லலாம். இலக்கணம் உன் பக்கம்தான், பாளப் பிரபஞ்சமும் வேண்டுமானால் உன் பக்கம் நிற்கும். ஆனால் உன் பேச்சை நம்பி அத்தை அப்போதே ரசத்தை இறக்கி வைத்துவிட்டாள். நீ கதவைத் தட்டியபோது அதைத் திரும்பச் சுட வைக்க வேண்டியிருந்தது.